துணையின்றி வந்த சிறார்க்கு ஒரு வளர்ப்புக் குடும்பம்

போர், கலவரம், பஞ்சம் ஆகியவை ஒரு நாட்டு மக்களை இடம்பெயரச் செய்யும்பொழுது பெரும்பாலோர் குடும்பத்துடன் வெளியேறுகின்றனர். சிலர் மட்டும் தனியே வந்து சேர்கின்றனர். பெற்றோரோ, சட்டப்படி அல்லது வழக்கப்படி பொறுப்பேற்கும் வேறு பெரியவரோ உடன் இல்லாத 18 வயதுக்குட்பட்டோரைத் ‘துணையற்ற சிறார்’ என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு வகைப்படுத்துகிறது. பெற்றோரைப் பிரிந்திருப்பினும் வேறு உறவினருடன் வருவோர் ‘பிரிந்த சிறார்’ எனப்படுவர். இவ்விரு வகையினருள்ளும் 13 முதல் 17 வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினரின் நிலையே மிகச் சிக்கலானது. கைக்குழந்தையை ஏற்று வளர்க்க முன்வருவோர் பலர். மீசை அரும்பும் பையனையோ, பருவமெய்திய பெண்ணையோ தம் வீட்டில் ஏற்கத் துணிவோர் சிலரே.

இத்தகைய சிறார்க்கு அனாதை இல்லத்தைத் தவிர வேறு வழி உண்டா? உண்டு. அதுவே வளர்ப்புப் பராமரிப்பு. இது தத்து எடுத்தல் அன்று. தத்தெடுத்த குழந்தை, சட்டப்படி அக்குடும்பத்தின் பிள்ளையாகி விடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள சிறுவனோ தன் பெயரையும் பெற்றோரையும் உரிமைகளையும் இழப்பதில்லை. சொந்தக் குடும்பத்திடம் திரும்பும் வரையிலோ, தன் காலில் தானே நிற்கும் வரையிலோ அவனைக் காக்கும் பொறுப்பு ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகிறது, அவ்வளவே. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்த இடங்களில் இம்முறை வெற்றி பெற்றுள்ளது. உணராத இடங்களில் தீங்கு விளைந்துள்ளது.

நம் மரபுக்கு இக்கருத்து புதியதன்று. யசோதையின் இல்லத்தில் வளர்ந்த கண்ணன் பின்னர் வடமதுரையில் பெற்றோரிடம் சேர்ந்தான். திருமலைத் தலபுராணம் சீனிவாசனுக்கு வகுளாதேவியை வளர்ப்புத் தாயாகக் கூறுகிறது. திருப்பதியை அடுத்த பேரூர்க் குன்றின்மேல் அத்தாய்க்குக் கோயிலும் உண்டு. மரபில் போற்றப்படும் இவ்வுறவை இன்றைய நிர்வாக முறையில் எவ்வாறு நிலைநாட்டுவது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பிற நாடுகள் தரும் பாடம்

1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்மீது நடந்த வன்முறைக்குப் பின்னர், பிரிட்டன் துணையற்ற சிறாரை ஏற்க முன்வந்தது. 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பரில் போர் மூளும் வரை, ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 10,000 சிறார் ரயிலிலும் கப்பலிலும் அங்கு சென்று சேர்ந்தனர். பலர் உயிர் பிழைத்தமைக்கு இம்முயற்சியே காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர்களைக் குடும்பங்களில் சேர்த்த முறையில் குறை இருந்தது. முதலில் வந்தோர் கடற்கரையோரக் கோடை முகாம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டனர். வளர்ப்புப் பெற்றோராக விரும்பியோர் அங்கு நேரில் வந்து, தமக்குப் பிடித்த குழந்தைகளைத் தெரிந்தெடுத்தனர். சிறுமியர்க்கு விரைவில் வீடு கிடைத்தது. வளர்ந்த பையன்கள் பின்தங்கி, விடுதிகளிலும் பண்ணைகளிலும் சேர்க்கப்பட்டனர். சில வளர்ந்த பெண்கள் வீட்டு வேலையாட்களைப் போலவே நடத்தப்பட்டனர். தேவை அறிந்து வீடு தேடாமல், விருப்பம் அறிந்து குழந்தையைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1942-ல், சோவியத் நாட்டிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான போலந்துச் சிறார்க்கு நவாநகர் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜயசிங்ஜி, ஜாம்நகரை அடுத்த பாலாச்சடியில் இடமளித்தார். இது குடும்பப் பராமரிப்பு அன்று, முகாம்தான். எனினும் போலந்து ஆசிரியர்களும் பராமரிப்பாளர்களும் உடனிருந்தனர். தாய்மொழிக் கல்வியும் வழிபாடும் தொடர்ந்தன.

1959-ல் திபெத்திலிருந்து வந்தோருள் பலர் மலைப்பகுதிகளில் சாலை அமைக்கும் பணியில் ஈடுபட்டனர். அவர்களுடைய குழந்தைகளுள் 51 பேர் 1960 மே மாதத்தில் தரம்சாலாவுக்கு அழைத்து வரப்பட்டனர். அவ்வாறு தோன்றிய நிலையமே பின்னர்த் திபெத்தியக் குழந்தைகள் கிராமமாக வளர்ந்தது. அங்கு சிறார் பெருங்கூடங்களில் அடைக்கப்படவில்லை. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு வளர்ப்புத் தாய் பொறுப்பேற்றார். அதே 1960-களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திபெத்தியச் சிறார் சுவிட்சர்லாந்துக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் அனாதைகள் அல்லர்; பெற்றோர் உயிருடன் இருந்தனர். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட இவ்வேற்பாட்டினால், தாயைச் சந்தித்தபொழுதும் அவரோடு பேச மொழியற்ற நிலைக்குச் சிலர் ஆளாயினர். அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டு முதல் துணையற்ற அகதிச் சிறார்க்கெனத் தனித் திட்டம் நடைபெற்று வருகிறது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தோரே அதன் முதல் பயனாளிகள். பெற்றோரைத் தேடுவதும், கூடுமாயின் குடும்பத்துடன் இணைப்பதும் அத்திட்டத்தின் பகுதிகளாகும்.

இவற்றிலிருந்து மூன்று பாடங்கள் பெறப்படுகின்றன. வயதில் மூத்த சிறார்க்குத் தனி முயற்சி எடுத்தே வீடு தேட வேண்டும். மொழியும் பண்பாடும் அறுந்துவிடாமல் காக்க வேண்டும். சொந்தக் குடும்பத்தைத் தேடும் பணி ஒருநாளும் நிற்கலாகாது.

நம் நாட்டின் சட்ட நிலை

அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்படவில்லை. ஆனால் குழந்தை உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. குடும்பத்தை இழந்த குழந்தைக்கு அரசு மாற்றுப் பராமரிப்பு அளிக்க வேண்டும் என்று அதன் 20-ஆம் பிரிவும், துணையின்றி வந்த அகதிக் குழந்தைக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று 22-ஆம் பிரிவும் கூறுகின்றன. இந்நாட்டில் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதி (குழந்தைகளின் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, 18 வயது நிறைவுறாத எவரையும் குழந்தை என்று வரையறுக்கிறது. அவ்வரையறை வயதைப் பார்க்கிறதேயன்றிக் குடியுரிமையைப் பார்க்கவில்லை.

1983 முதல் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் நிலை இங்கு நினைவுகூரத்தக்கது. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் பல்லாயிரம் பேர் வாழ்ந்து வருகின்றனர். 2021-ல் இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயரிடப்பட்டது. அதே ஆண்டில் உயர்த்தப்பட்ட மாத உதவித்தொகை, குடும்பத் தலைவருக்கு ரூ. 1,500, ஏனைய பெரியவர்க்கு ரூ. 1,000, 12 வயதுக்குட்பட்டோர்க்கு ரூ. 500 என வகுக்கப்பட்டது. குடும்பமே உதவியின் அலகு என்பதை இது காட்டுகிறது. தனியே வந்த சிறுவனை இத்தகைய ஏற்பாட்டில் எக்குடும்பத்தில் சேர்ப்பது என்ற கேள்வி இயல்பாகவே எழும். உறவினரோ ஊராரோ ஏற்றுக்கொள்வது நம் மக்களின் இயல்பு. அவ்வியல்புக்குச் சட்டக் காப்பும் மேற்பார்வையும் சேர்ப்பதே வளர்ப்புப் பராமரிப்பு முறையின் நோக்கம்.

திருப்பதிக்குத் தனியே வரும் சிறார்

எல்லை கடந்து வந்த சிறார்க்கும், வீட்டை விட்டு ரயிலேறி வந்த சிறார்க்கும் காரணம் வேறாயினும் நிலை ஒன்றே. இருவரும் அறியாத ஊரில், பொறுப்பான பெரியவர் இன்றி நிற்கின்றனர். இருவரும் உடனே வீடு திரும்ப இயலாதவராக இருக்கலாம். இருவர்க்கும் பொருந்தும் சட்டமும் ஒன்றே. ஆகையால் இம்முறையை ஆராய விரும்புவோர்க்குத் திருப்பதி ஒரு நல்ல களம்.

திருமலைக்கு நாள்தோறும் 60,000 முதல் 80,000 பேர் வரை வருகின்றனர். 1985-ல் தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டத்தினால் எவரும் பசியோடு திரும்ப வேண்டியதில்லை. சென்னை–மும்பைத் தடத்திலுள்ள ரேணிகுண்டா சந்திப்பும், கூடூரிலிருந்து திருப்பதி, பாகாலை, சித்தூர் வழியே காட்பாடி செல்லும் தடமும் தென்னகத்தின் பல பகுதிகளை இவ்வூருடன் இணைக்கின்றன. கூட்டமும் உணவும் ரயிலும் உள்ள இடத்தில் தனியே திரியும் சிறுவன் எளிதில் கண்ணில் படுவதில்லை. இச்சிக்கல் நாடு தழுவியது. 2018 முதல் 2024 மே வரை ரயில் நிலையங்களிலும் ரயில்களிலும் 84,000-க்கும் மேற்பட்ட சிறாரை ரயில்வே பாதுகாப்புப் படை மீட்டதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்துள்ளது.

மீட்கப்பட்ட சிறுவனைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட இக்குழு, மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் கூட வேண்டும் என்பது சட்டம். குழுவின் முதல் கடமை குடும்பத்தைக் கண்டறிவது. சிறுவன் வேற்று மாநிலத்தவனாயின், 95-ஆம் பிரிவின்படித் துணையாளருடன் அவ்வூர்க் குழுவிடம் அனுப்பலாம். பெரும்பாலான சிறார் வீடு திரும்ப வேண்டியவரே. வீடு இல்லாதோர், வீடு இருந்தும் அடி உதைக்கு அஞ்சித் திரும்ப இயலாதோர், பெற்றோரைக் கண்டறியக் காலம் பிடிப்போர் ஆகியோர்க்கே வளர்ப்புக் குடும்பம் தேவைப்படுகிறது.

மொழி வகையில் இப்பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1911-ல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணிப் பகுதி 1960-ல் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது; ஆயினும் எல்லையின் இருபுறமும் இருமொழிக் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன. நகரியில் தெலுங்கும் தமிழும், குப்பத்தில் கன்னடமும் சேர்ந்து வழங்குகின்றன. திருப்பதி ரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ச் சிறுவனுக்கு அவன் மொழி பேசும் வீடு சில மணி நேரத் தொலைவிலேயே கிடைக்கக்கூடும். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது; நகரியும் குப்பமும் சித்தூரிலேயே நீடித்தன. எனவே இவ்வாய்ப்பைப் பயன்படுத்த, இரு மாவட்டக் குழுக்களும் தம் வளர்ப்புக் குடும்பப் பட்டியலைப் பகிர்ந்துகொள்வது நன்று.

வளர்ப்புப் பெற்றோர் ஆவது எப்படி?

2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்புக்கு அடிப்படை. 2024-ல் மத்திய அரசு வெளியிட்ட திருத்திய மாதிரி வழிகாட்டு நெறிகள், ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள சிறாரைக் கருத்திற்கொண்டு அமைந்துள்ளன. தம்பதியர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்வு நடத்தியிருக்க வேண்டும். மணமாகாதோர், துணையை இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர் ஆகிய தனி நபர்களும் 35 முதல் 60 வயது வரை விண்ணப்பிக்கலாம். தனித்து வாழும் பெண் சிறுவனையோ சிறுமியையோ ஏற்கலாம். தனித்து வாழும் ஆண் சிறுவனை மட்டுமே ஏற்கலாம்.

விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் செல்கிறது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்கிறார். வருவாய், உடல்நலம், அறை வசதி, வீட்டிலுள்ள பிற பிள்ளைகளின் மனநிலை, அண்டை அயலாரின் கருத்து, காவல்துறைச் சான்று ஆகியவை பார்க்கப்படும். அதன்பின் சிறுவனும் குடும்பத்தினரும் சந்திக்கின்றனர். சிறுவனின் விருப்பம் கேட்கப்பட வேண்டும். டோவர்கோர்ட் கோடை முகாமில் குழந்தைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். இங்கே அவர்களும் தெரிந்தெடுக்கும் உரிமை உடையவராகின்றனர். இறுதி ஆணையைப் பிறப்பிப்பது குழந்தை நலக் குழு. பின்னர் அக்குழு மாதந்தோறும் வளர்ப்புக் குடும்பத்தைப் பார்வையிட வேண்டும் என்றும், சொந்தப் பெற்றோர் இடையிடையே வந்து சந்திக்கலாம் என்றும் சட்டம் கூறுகிறது. சிறுவனின் படத்தையோ பெயரையோ வெளியிடுவது 74-ஆம் பிரிவின்படிக் குற்றமாகும்.

மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் ரூ. 4,000 வழங்கப்படுகிறது, ஆண்டுக்கு ரூ. 48,000. இது வளர்ப்போர்க்குரிய ஊதியம் அன்று. உணவு, உடை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றின் செலவில் அரசின் பங்கு. தொகை மிகக் குறைவாயின் நல்லெண்ணமுள்ள ஏழைக் குடும்பங்கள் விலகி நிற்கும். மிக அதிகமாயின் தொகைக்காகவே விண்ணப்பிப்போர் வருவர். தொகையைவிடவும் அது உரிய மாதத்தில் வந்து சேர்வதே முக்கியம். மூன்று மாதம் தாமதமாக வரும் பணம், அம்மூன்று மாதமும் அச்சிறுவனை வீட்டாரின் கண்ணில் ஒரு சுமையாகக் காட்டிவிடும்.

இல்லத்துக்குள் நடைபெற வேண்டியவை

வளரிளம் பருவத்தில் வரும் சிறுவன் வெறுங்கையோடு வருவதில்லை. தனியே பயணம் செய்து, தானே முடிவெடுத்து, பிறரை எளிதில் நம்பக் கூடாது என்று கற்றிருக்கிறான். வந்த சில வாரங்களில் அவன் அளவுக்கு மீறி அடங்கியிருக்கலாம். அதன்பின் கோபமும் பொய்யும் வெளிப்படலாம். உணவை ஒளித்துவைத்தல், இரவில் உறங்காமை, கேட்ட கேள்விக்கு விடை கூறாமை ஆகியவை நன்றி கெட்ட தன்மையின் அறிகுறிகள் அல்ல. ஆபத்தில் பழகிய பழக்கங்கள். அவன் கதையை வற்புறுத்திக் கேட்கலாகாது. உணவு நேரம், பள்ளி நேரம், உறங்கும் நேரம் ஆகியன மாறாது நடந்தாலே நம்பிக்கை தானாக வளரும்.

‘அம்மா’, ‘அப்பா’ என்று அழைக்குமாறு அவனைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. தெலுங்கு வீட்டில் ‘அத்தா’, ‘மாமா’, தமிழ் வீட்டில் ‘அத்தை’, ‘மாமா’ என்னும் சொற்கள் போதுமானவை. அவை அன்பைக் காட்டும், அவனுடைய தாயின் இடத்தையும் பறிக்கா. அவனது வழிபாடு, உணவுப் பழக்கம், தாய்மொழி ஆகியவற்றை மதித்தல் வேண்டும். பெற்றோரின் தொலைபேசி எண் கிடைத்தால் பேச விடுதல் வேண்டும். பேசி முடித்தபின் இரண்டு நாள் அவன் உண்ணாதிருக்கலாம். அதற்காக உரையாடலைத் தடுப்பது தவறு.

தவிர்க்க வேண்டிய தீங்குகளுள் முதன்மையானது உழைப்புச் சுரண்டல். மாந்தோப்பும் பால் மாடும் கடையும் உள்ள மாவட்டம் இது. வீட்டுப் பிள்ளைகளைப் போல் சிறு வேலை செய்வது வேறு. வேலைக்கென்றே வைத்துக்கொள்வது வேறு. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டோர் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவ இடமளிக்கிறது. ஆனால் தாய், தந்தை, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரையே அது குடும்பம் என்று விளக்குகிறது. வளர்ப்புப் பெற்றோர் அப்பட்டியலில் இல்லை. இதனை விண்ணப்பத்தின்போதே எடுத்துரைப்பது அலுவலரின் கடமை. மாதாந்திரப் பார்வையின்போது சிறுவனைத் தனியே சந்தித்துப் பேச வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். வீட்டாரின் முன்னிலையில் கேட்கப்படும் கேள்விக்கு ஒரே விடைதான் வரும்.

பதினெட்டாம் பிறந்தநாள்

பதினைந்து வயதில் ஒரு வீட்டில் சேர்ந்த சிறுவனுக்கு மூன்றே ஆண்டுகள் உள்ளன. பதினெட்டு நிறைவுற்றதும் வளர்ப்புப் பராமரிப்பு முடிவடைகிறது. அதன்பின் என்ன? 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு பிற்காலப் பராமரிப்புக்கு வழிசெய்கிறது. ஆனால் அதன் சொற்கள், பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறுவோரையே குறிக்கின்றன. இல்லத்தில் வளர்ந்தவனுக்கு 21 வயது வரை பெறத்தக்க உதவி, குடும்பத்தில் வளர்ந்தவனுக்கும் அதே தெளிவோடு சட்டத்தில் எழுதப்படவில்லை. நிறுவனத்தைவிடக் குடும்பமே மேல் என்று கூறும் சட்டத்தில் இது நிரப்பப்பட வேண்டிய இடைவெளி. குடும்பத்தைத் தேர்ந்துகொண்ட ஒரே காரணத்தால் எந்த இளைஞரும் கல்லூரிக் கட்டணத்துக்குத் திண்டாடலாகாது. அகதிச் சிறார்க்கு இதனோடு அடையாள ஆவணங்களும் தேவை. பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வயதுச் சான்று ஆகியவற்றைப் பதினாறு வயதிலிருந்தே திரட்டத் தொடங்கினால்தான் பதினெட்டில் கையில் இருக்கும்.

வளர்ப்புப் பராமரிப்பு மலிவான வழி என்று கருதி அரசு இதனை விரும்புமாயின் அது ஏமாற்றத்தில் முடியும். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரும், தவறாத மாதாந்திரப் பார்வையும், காலந்தவறாத நிதியும் இல்லாவிடில், நல்ல குடும்பமும் தளர்ந்துவிடும். தீய குடும்பம் கண்டுபிடிக்கப்படாமலே போகும். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வைப் பொறுப்பு விரிவாக்கப்பட்டுள்ளது. ஆகவே தம் மாவட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட வளர்ப்புக் குடும்பங்கள் எத்தனை, அவற்றுள் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரை ஏற்க இசைந்தவை எத்தனை, அவை பேசும் மொழிகள் எவை என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வோர் ஆட்சியர் அலுவலகத்திலும் விடை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நள்ளிரவு ரயிலில் ஒரு சிறுமி தனியே வந்திறங்கிய பின்னர் அவ்விடையைத் தேடத் தொடங்கினால், அவளுக்குக் கிடைப்பது ஒரு படுக்கை மட்டுமே, வீடு அன்று.